காரைக்கால் மாவட்ட அரசு தொடக்கப் பள்ளிகள்

காரைக்கால் மாவட்ட அரசு தொடக்கப் பள்ளிகள், புதுச்சேரி யூனியன் பிரதேச அரசின் பள்ளிக் கல்வித் துறை நடத்தும் பள்ளிகள். காரைக்கால் நகராட்சியிலும் திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய கொம்யூன் பஞ்சாயத்துகளிலும் இவை அமைந்துள்ளன. ஐந்தாம் வகுப்புவரை உள்ளவை தொடக்கப் பள்ளிகள். எட்டாம் வகுப்புவரை உள்ள நடுநிலைப் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புகள் உண்டு.

1739 முதல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962இல் நடந்தது. கடல் தவிர மற்ற எல்லாப் பக்கங்களிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள் சூழ்ந்திருக்க, துறையின் தலைமை அலுவலகமோ நூற்று முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியில் இருக்கிறது. பாடத்திட்டம், ஆசிரியர் இடமாற்றம், நலத்திட்டம் என எதைப் பேசினாலும் இந்தத் தொலைவு குறுக்கிடும்.

மாணவர் சேர்க்கை

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 2,00,222, எழுத்தறிவு 87.05 விழுக்காடு. 2001க்கும் 2011க்கும் இடையே மக்கள்தொகை 17 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. அதை வைத்து, ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளும் பெருகியிருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி, 1.5. பிறப்பே குறைந்துவிட்ட ஊரில் அரசுப் பள்ளியும் தனியார் பள்ளியும் அதே சிறு எண்ணிக்கைப் பிள்ளைகளுக்காகப் போட்டியிடுகின்றன. ஆகவே ஒரு பள்ளியில் சேர்க்கை சரிந்தால் அதற்கு ஆசிரியரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல.

அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவரும் திட்டங்களில் உணவுக்கு முதலிடம். புதுச்சேரியில் பள்ளி உணவு 1930இல், பிரெஞ்சு நிர்வாகக் காலத்திலேயே தொடங்கியது. 2002இல் ராஜீவ் காந்தி காலைச் சிற்றுண்டித் திட்டம் வந்தது. காலையில் பிள்ளைகள் கையில் பால் டம்ளர் ஏறியது. மீனவர் குடும்பங்களுக்கு இந்த உதவியின் அருமை கூடுதலாகத் தெரியும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14வரை 61 நாள். விசைப்படகை நம்பிய வீட்டில் வருமானம் நின்றிருக்கும் அதே வாரங்களில்தான் பள்ளிச் சேர்க்கையும், நோட்டு, சீருடைச் செலவும் வந்து நிற்கும்.

மாணவர் பின்னணி

நெல் விளையும் உள்கொம்யூன்களில் விவசாயத் தொழிலாளர் பிள்ளைகளும், கடலோரத்தில் மீனவர் பிள்ளைகளும், நகரில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். 2011இல் மாவட்டத்தில் ஆயிரம் ஆண்களுக்கு 1,047 பெண்கள் இருந்தனர். இது எல்லா வயதினருக்குமான விகிதம். வகுப்பறையில் பெண் பிள்ளைகளே அதிகம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. புதுச்சேரிக்கென்று அட்டவணைப் பழங்குடிப் பட்டியல் அந்தக் கணக்கெடுப்பில் இல்லை. பழங்குடியினருக்கான கட்டம் காலியாக இருப்பதால் இருளர் போன்ற பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகளே இல்லை என்று படிப்பது பெரும் பிழை.

கல்வித்தரம்

புதுச்சேரிக்குத் தனிப் பாடவாரியம் கிடையாது. காரைக்கால் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியது. தொடக்க வகுப்புகள் முதலில் சி.பி.எஸ்.இ.க்கு மாறின, 2023–24இல் மேல்வகுப்புகளும் மாறத் தொடங்கின. எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் குடிபெயரும் பிள்ளை, மாற்றுச் சான்றிதழோடு பாடத்திட்டத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2021 நவம்பர் 12இல் நடந்த தேசிய அடைவு ஆய்வில், 500க்கு, மூன்றாம் வகுப்பின் இந்தியச் சராசரி மொழியில் 323, கணிதத்தில் 306. ஐந்தாம் வகுப்பில் அவை 309, 284. பெருந்தொற்று மூடலுக்குப் பின் வந்த இந்த எண்களோடு மாவட்டச் சராசரியை ஒப்பிடலாம். ஆனால் இது மாதிரி ஆய்வு. தனியொரு பள்ளிக்கு மதிப்பெண் போட இது உதவாது. பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறினால் தேர்ச்சி எட்டு விழுக்காடு இறங்கிவிடும்; ஒருவர் தேறினால் அதே அளவு ஏறிவிடும்.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்களைக் கேட்கிறது. அதாவது ஐந்து வகுப்புக்கு இருவர். கரும்பலகையின் ஒரு பாதியில் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்கு, மறு பாதியில் நான்காம் வகுப்புக்குப் பெருக்கல். ஒரு வகுப்பு எழுதும்போது மற்றதற்கு விளக்கம். இந்த உழைப்பு எந்த விழுக்காட்டிலும் பதிவாவதில்லை.

பள்ளிகளின் தேசியத் தரவுத்தளமான யுடைஸ் சேர்க்கைக் கணக்குக்குக் கொள்ளும் நாள் செப்டம்பர் 30. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அதற்குப் பிறகு. நவம்பரில் அரசலாற்றுக் கரையோரத் தெருக்களில் தண்ணீர் நிற்கும்போது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடு சொல்லும். ஒரு பள்ளியை எடைபோட விரும்புவோர் மாதவாரி வருகையையும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி என்பது சட்டம் தந்த உரிமை. சேர்க்கை எண் ஒன்றை மட்டும் காட்டி, ஒரு குப்பத்துப் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு இணைப்பது தவறான முடிவு.