இருளில் ஒளிரும் எண்கள்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போர் ஒரு கடிகாரத்தைக் கையில் எடுத்ததும் முதலில் நோக்குவது அதன் இயந்திரத்தையன்று. அதன் முகப்பையே நோக்குவர். எண்களிலும் முட்களிலும் இருளில் ஒளிரும்படி தீட்டப்பெற்ற பூச்சு, கடிகாரம் செய்யப்பட்ட நாளில் இடப்பட்டதா, பின்னொரு நாளில் பழுதுபார்ப்பவர் ஒருவரால் இடப்பட்டதா என்னும் வினா அதன் விலையைப் பெரிதும் மாற்ற வல்லது. கடுகளவு பூச்சைப் பற்றிய இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அப்பூச்சின் வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாறோ மனித உயிர்களை விலையாகக் கொண்டது.

1898ஆம் ஆண்டில் மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியர் கியூரியும் இரேடியம் என்னும் மூலகத்தைக் கண்டுபிடித்தனர். அதன் உப்பை நாகசல்பைட்டுடன் கலந்தால், இரேடியத்திலிருந்து வெளிப்படும் அல்பாத் துணிக்கைகள் நாகசல்பைட்டுப் பளிங்குகளைத் தாக்கி, அவற்றை இடையறாது ஒளிரச் செய்யும். ஞாயிற்றின் ஒளியோ விளக்கின் ஒளியோ அதற்கு வேண்டியதில்லை. முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளில் இராக்காலத்தைக் கழித்த வீரருக்கு, நெருப்புக்குச்சி கிழிக்காமலே நேரம் அறிய உதவிய இப்பூச்சு பெரும் பேறாகத் தோன்றியது.

அமெரிக்காவிலே நியூ ஜேர்சி மாநிலத்து ஒறேஞ்சு நகரில், 1917ஆம் ஆண்டு முதல் இளம் பெண்கள் பலர் இப்பூச்சைத் தீட்டும் தொழிலில் அமர்த்தப்பட்டனர். நுண்ணிய எண்களை எழுதத் தூரிகையின் முனை கூர்மையாக இருத்தல் வேண்டும். அதனை உதடுகளுக்கிடையே வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறிதளவு இரேடியம் அவர்தம் வயிற்றினுள் சென்றது. உடலானது இரேடியத்தைச் சுண்ணாம்புச் சத்தெனக் கருதி எலும்புகளிற் சேர்த்து வைத்தது. பற்கள் உதிர்ந்தன, தாடை எலும்புகள் நொறுங்கின.

அவர்களுள் ஒருவரான மொலி மாஜியா 1922இல் மாண்டபோது, மேகநோயே காரணமென எழுதப்பட்டது. 1925இல் ஹரிசன் மார்ட்லண்ட் என்னும் மருத்துவர் உண்மைக் காரணம் கதிர்த்தொழிற்பாடே என எடுத்துக்காட்டினார். 1927இல் கிறேஸ் பிறையர் என்பவரும் வேறு நால்வரும் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டிலேயே மொலியின் உடல் புதைகுழியிலிருந்து எடுக்கப்பட்டு ஆராயப்பட்டது. ஐந்தாண்டுகள் மண்ணுள் கிடந்தும் அவ்வெலும்புகள் கதிர்களை வீசிக்கொண்டேயிருந்தன. 1928இல் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. ஒவ்வொருவருக்கும் 10,000 டொலர் பணமும், ஆண்டுக்கு 600 டொலர் உதவித்தொகையும் உறுதிசெய்யப்பட்டன. அதே ஆண்டில், அப்பூச்சை உருவாக்கிய சபின் வொன் சொச்சொக்கி என்பவரும் அதனால் விளைந்த நோய்க்கே இரையானார்.

தூரிகையை வாயில் வைக்கும் வழக்கம் ஒழிந்த பின்னரும் இரேடியப் பூச்சு உடனே மறையவில்லை. 1960ஆம் ஆண்டுகளிலேதான் திரிற்றியம் அதன் இடத்தைப் பெற்றது. திரிற்றியம் இட்ட சுவிற்சர்லாந்துக் கடிகாரங்களின் முகப்பின் அடியில், நாட்டின் பெயரோடு 'ரி' என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்படலாயிற்று. பின்னர் 1993இல் யப்பானிய நிறுவனமான நெமொற்றோ, கதிர்த்தொழிற்பாடு சிறிதுமின்றி, பகலொளியை ஏற்று இரவில் வெளியிடும் ஸ்ரொன்சியம் அலுமினேற்றுப் பூச்சை அளித்தது. இன்றைய கடிகாரங்களிற் பெரும்பாலும் காணப்படுவது இவ்வகையே.

இம்மூன்று காலங்களையும் மனத்திற் கொண்டால் ஆராய்ச்சி எளிதாகும். இரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். நூறு ஆண்டு கழிந்தும் நூற்றில் நான்கு பங்கே குறைந்திருக்கும். ஆயினும் 1940இல் தீட்டிய முகப்பு இன்று இருளில் ஒளிர்வதில்லை. ஏனெனில் ஓயாத தாக்குதலால் நாகசல்பைட்டே சிதைந்துபோயிற்று. ஒளி அணைந்தது, கதிர் அணையவில்லை. ஆதலால் அத்தகைய முகப்பின் அருகே கைகர் எண்ணுகருவியைக் கொண்டுசென்றால் அது படபடவென ஒலித்தல் வேண்டும். ஒலிக்காதாயின், பழைய பூச்சு அகற்றப்பட்டதென ஐயுறுதல் தகும். அன்றி, அம்முகப்பு விடியும்வரை பளிச்சென ஒளிருமாயின், அங்கு இருப்பது பிற்காலப் பூச்சே என்பதில் ஐயமில்லை.

திரிற்றியத்தின் நிலை வேறு. அதன் அரைவாழ்வுக்காலம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டது. அறுபது ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே எஞ்சும். அதன் பீற்றாத் துணிக்கைகள் வலுக்குறைந்தவையாதலால் கடிகாரக் கண்ணாடியைக் கடந்து வாரா. எனவே 'ரி' எழுத்துடைய முகப்பில் கருவி வாளாவிருப்பதே இயல்பு. அங்கு அது உரக்க ஒலித்தால், முட்களேனும் வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து வந்தனவோ என ஆராய்தல் வேண்டும். ஊதாக்கடந்த ஒளியைச் சிறிது நேரம் பாய்ச்சி நிறுத்தினால், பழைய நாகசல்பைட்டு விரைவில் மங்கும். புதிய அலுமினேற்று நெடுநேரம் ஒளிரும்.

கண்ணும் நல்ல சான்றாகும். உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ், முதுமையடைந்த பூச்சில் நுண்ணிய வெடிப்புகளும் ஒழுங்கற்ற நிறமாற்றமும் தென்படும். மீளத் தீட்டியதாயின், பூச்சு அச்சிட்ட எண்களின் விளிம்பைக் கடந்து வழிந்திருத்தல் கூடும். முட்கள் ஓரிடத்தில் நெடுங்காலம் நின்ற கடிகாரத்திலே, அவற்றின் இரேடியம் முகப்பைக் கருக்கி நிழல்போன்ற வடுவை விட்டிருக்கும். எனினும் எந்த ஒரு சான்றும் தனித்து நின்று தீர்ப்புக் கூறாது. கருவி ஒலித்தால் இரேடியம் உண்டு என்பது மட்டுமே உறுதி; சுரண்டிய பின் எஞ்சிய துகளும் ஒலிக்கும். சான்றுகள் யாவும் ஒருமுகமாகப் பேசும்போதே தீர்ப்புக் கூறலாம்.

மீளத் தீட்டியவரெல்லாம் வஞ்சகர் என்று கொள்ளுதலும் தவறு. கடிகாரம் நேரம் காட்டும் கருவியாக மட்டும் இருந்த நாளில், ஒளியிழந்த எண்களைத் திரும்ப ஒளிரச் செய்தல் நேர்மையான தொண்டாகவே எண்ணப்பட்டது. புதிய பூச்சிற் பழுப்பு நிறம் கலந்து அதனைப் பழையதெனக் கூறி விற்குமிடத்திலேதான் வஞ்சகம் பிறக்கின்றது.

மற்றுமோர் எச்சரிக்கையும் வேண்டும். அசலைக் கண்டறியும் ஆவலால் இரேடிய முகப்பைத் திறந்து சுரண்டுதல் ஆகாது. உதிரும் துகள் மூச்சோடு உட்சென்றால், அன்று அப்பெண்களின் எலும்பிற் குடிகொண்ட நஞ்சே இன்றும் உடலிற் புகும். கடிகாரத்தைத் திறக்காமலே செய்யத்தக்க சோதனைகள் போதும். எஞ்சியதைப் பயிற்சி பெற்றவரிடம் விடுதலே அறிவுடைமை.

புதைகுழியிலிருந்து எடுத்த எலும்பு ஒரு பெண்ணின் மீது சுமத்தப்பட்ட பொய்ப் பழியை நீக்கியது. கடிகார முகப்பின் அசலை இன்று காட்டிக்கொடுப்பதும் அதே இரேடியத்தின் அழியாத் தன்மையே. மங்கிய எண் ஒன்றை அசல் என்று போற்றுவோர், அதனைத் தீட்டிய கையையும் ஒருகணம் எண்ணிப்பார்த்தல் தகும்.