நரம்பணுக்களில் தன்னுண்ணலும் ஆல்சைமர் நோயும்

தன்னுண்ணல் என்பது உயிரணு தன்னுள் பழுதடைந்த புரதங்களையும் நுண்ணுறுப்புகளையும் தானே செரித்து, அவற்றின் மூலப்பொருட்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் செயலாகும். இது ஆட்டோபேஜி எனவும் அழைக்கப்படுகிறது. நரம்பணுக்களில் இச்செயல் தடைப்படுவதற்கும் ஆல்சைமர் நோய்க்கும் தொடர்பு உள்ளதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

வரலாறு

இலைசோசோம் எனும் செரிப்பு நுண்ணுறுப்பை 1955ஆம் ஆண்டில் அறிவித்த பெல்சிய அறிவியலாளர் கிறித்தியான் டி துவே, 1963ஆம் ஆண்டில் இச்செயலுக்குப் பெயரிட்டார். 1990களில் ஈஸ்ட்டில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்த சப்பானிய அறிவியலாளர் யோசினோரி ஓசுமி, 2016ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

செயல்முறை

முதலில் கழிவைச் சுற்றி இரட்டைச் சவ்வாலான பை உருவாகிறது. அது இலைசோசோமுடன் இணைந்தபின் நொதிகள் கழிவைச் சிதைக்கின்றன. இந்நொதிகள் செயற்பட அமிலச் சூழல் தேவை.

இச்செயல் பூச்சிகளிலும் உண்டு. ஆரணி, காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் நெய்யப்படும் மல்பெரிப் பட்டைத் தரும் புழு கூடு கட்டி முடித்தபின், அதன் பட்டுச் சுரப்பி சிதைந்து மறைவதில் தன்னுண்ணல் பங்கு கொள்கிறது. அங்கு ஓர் உறுப்பு நீங்க உதவும் இச்செயல், நரம்பணுவில் அதன் நீண்ட வாழ்வைக் காக்கிறது. முதிர்ந்த நரம்பணுக்கள் பிரிவதில்லை. ஆகவே சேரும் கழிவைச் சேயணுக்களுக்குப் பகிர்ந்து குறைத்துக்கொள்ள அவற்றால் இயலாது. மேலும், நரம்பிழையின் நுனியில் உருவாகும் பைகள், இலைசோசோம்கள் மிகுந்துள்ள அணுவுடல் வரை பயணிக்க வேண்டும்.

ஆல்சைமர் நோயில்

ஆல்சைமர் நோயில் நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா படிவுகளும், உள்ளே டௌ புரத முடிச்சுகளும் காணப்படும். 2005ஆம் ஆண்டில் ரால்ஃப் நிக்சன் குழுவினர், நோயாளிகளின் மூளையில் வீங்கிய நரம்பிழைகளுக்குள் செரிக்கப்படாத பைகள் பெருமளவில் தேங்கியிருப்பதை விவரித்தனர். 2006ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வாளர்கள், தன்னுண்ணலுக்கான மரபணுவை எலிகளின் நரம்பணுக்களில் நீக்கினர். நோய் தரும் மாற்றுப் புரதம் ஏதுமின்றியே அவற்றில் புரதக் கட்டிகள் சேர்ந்து நரம்பணுக்கள் சிதைந்தன.

2022ஆம் ஆண்டில் நிக்சன் குழுவினர், நோய்மாதிரி எலிகளில் வெளிப்படிவுகள் தோன்றுமுன்பே இலைசோசோம்களின் அமிலத்தன்மை குறைவதையும், அமிலாய்டு நிறைந்த பைகள் அணுவுக்குள் மலரிதழ்கள் போல் புடைப்பதையும் அறிவித்தனர். எனவே சில நரம்பணுக்களில் கழிவைச் சேர்ப்பதைவிடச் செரிப்பதிலேயே முதற்குறை தோன்றுவதாகக் கருதப்படுகிறது.

சிகிச்சை ஆய்வுகள்

தன்னுண்ணலைத் தூண்டும் இராபமைசின் மருந்து, 2011ஆம் ஆண்டில் வெளியான எலி ஆய்வில் படிவுகள் தோன்றுமுன் கொடுத்தபோது பயனளித்தது. தோன்றிய பின் கொடுத்தபோது பயனளிக்கவில்லை. செரிப்பு தடைப்பட்ட நிலையில் மேலும் பைகளை உருவாக்குவது தேக்கத்தை மிகுவிக்கக்கூடும். ஆகவே இலைசோசோமின் அமிலத்தன்மையை மீட்கும் வழிகளும் ஆராயப்படுகின்றன.

இந்தியாவில் பெங்களூரிலுள்ள ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தினர், தன்னுண்ணலைத் தூண்டும் ஒரு சேர்மம் பார்க்கின்சன் நோய்மாதிரி எலிகளில் நரம்பணுக்களைக் காப்பதாக 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2023ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீட்டின்படி இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோய்க்கு ஆளாகியுள்ளனர். மறதிநோய்க்கு மிகப் பொதுவான காரணம் ஆல்சைமர் நோயே. எனினும் தன்னுண்ணலைச் சீராக்கி இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இதுவரை ஏற்கப்படவில்லை.