கவுண்டரை விட்டு இறங்கி வந்த ஸ்கேனர்

மளிகைக்கடையில "பீப்" சத்தத்தோட பில் போடற பார்கோடு ஸ்கேனர், ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் வர்றதுக்கு ஏன் கிட்டத்தட்ட 20 வருஷம் ஆச்சு? அதுக்கும் உக்கடத்துல நீங்க வாங்கற மூணு மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் நீளமான இழைங்க. பொறுமையா படிங்க.

1948. அமெரிக்காவுல பிலடெல்பியா, ட்ரெக்சல் கல்லூரி. ஒரு மளிகைக்கடைத் தொடரோட தலைவர் அங்க வந்து, கவுண்டர்ல பொருளோட விவரத்தைத் தானாவே படிக்கற மாதிரி ஏதாச்சும் செஞ்சு தர முடியுமான்னு டீன்கிட்ட கேக்கறார். டீன் முடியாதுன்னுட்டார். பக்கத்துல இருந்த பெர்னார்ட் சில்வர் காதுல அது விழுந்தது. போய் நண்பர் ஜோசப் உட்லண்ட் கிட்ட சொன்னார்.

உட்லண்டுக்கு மோர்ஸ் கோடு தெரியும். மியாமி கடற்கரையில உக்காந்து மணல்ல புள்ளியும் கோடும் போட்டவர், அப்படியே விரலைக் கீழ இழுத்தார். புள்ளி மெல்லிசான கோடாச்சு, கோடு தடிமனான கோடாச்சு. அவ்வளவுதான் பார்கோடு. 1952ல காப்புரிமை கிடைச்சது. அதை 15,000 டாலருக்கு வித்துட்டாங்க.

ஆனா படிக்கற கருவி? அதுதான் பிரச்சனை. அவங்க செஞ்ச முதல் மாதிரிக்கு 500 வாட் பல்ப் தேவைப்பட்டது. சூட்டுல பேப்பர் புகைய ஆரம்பிச்சுதாம். கோடு ரெடி, கண்ணு ரெடி இல்ல. 1960ல லேசர் வந்த பிறகுதான் கதை நகர்ந்துச்சு.

தத்துவம் ரொம்பச் சின்னதுங்க. கறுப்பு வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். திரும்பி வர்ற வெளிச்சத்தோட ஏற்ற இறக்கத்தை ஒரு உணரி பிடிச்சு எண்ணா மாத்தும். கோட்டுக்குள்ள விலையும் இல்ல, தரமும் இல்ல. ஒரு நம்பர் மட்டும்தான். மிச்சமெல்லாம் அந்த நம்பருக்கு எதிரா கம்ப்யூட்டர்ல என்ன எழுதி வெச்சிருக்கோங்கறதைப் பொறுத்தது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ தேவைப்படும்.

(இடையில ஒண்ணு. "பார்கோடு 890ல ஆரம்பிச்சா இந்தியாவுல தயாரிச்சது"ன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. தப்பு. அந்தக் கம்பெனி ஜிஎஸ்1 இந்தியா அமைப்புல பதிஞ்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். பொருள் எந்த நாட்டுல வேணா தயாராகியிருக்கலாம்.)

முதல்ல வந்தது நிலையா நிக்கற ஸ்கேனர்கள். 1967ல இருந்து அமெரிக்க ரயில் பெட்டிகள்ல வண்ணப் பட்டை ஒட்டி, தண்டவாளத்து ஓரமா ஸ்கேனர் வெச்சாங்க. அழுக்குப் படிஞ்ச பட்டைகளைக் கருவியால படிக்க முடியல. சில வருஷத்துல கைவிட்டுட்டாங்க. கடைக்குள்ள ஜெயிச்சது 1974 ஜூன் 26. ஓஹையோ மாநிலம் ட்ராய் ஊர்ல மார்ஷ் சூப்பர் மார்க்கெட். கவுண்டர் கண்ணாடிக்கு அடியில லேசர். ஸ்கேன் ஆன முதல் பொருள் ரிக்லி சூயிங்கம், 67 சென்ட்.

கையில பிடிக்கற ஸ்கேனர் ஆரம்பத்துல பேனா மாதிரி இருந்துச்சு, கோட்டைத் தொட்டு இழுக்கணும். 1980களின் தொடக்கத்துல சிம்பல் டெக்னாலஜிஸ் கம்பெனி துப்பாக்கி மாதிரி விசை இழுக்கற லேசர் ஸ்கேனரைக் கொண்டு வந்தது. தொடாம, தள்ளி நின்னே படிக்கலாம்.

எனக்கு இதுல முக்கியமாப் படறது இதுதான். நிலையான ஸ்கேனர்கிட்ட பொருள் போகணும். கை ஸ்கேனர் பொருளைத் தேடிப் போகும். சோப்பு கவுண்டருக்குப் போகும். குளுக்கோஸ் ஏறிட்டிருக்கற நோயாளி போவாரா?

1992ல கான்சாஸ் மாநிலம் டொபீகா நகரத்து முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரி நர்ஸ் சூ கின்னிக் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கப் போனாங்க. ஊழியர் கை ஸ்கேனரால காரை ஒரு தட்டு தட்டினார், வேலை முடிஞ்சது. ஒரு காருக்கே இது முடியும்னா நோயாளிக்கு ஏன் முடியாதுன்னு யோசிச்சது அந்த நர்ஸ். நோயாளி மணிக்கட்டுப் பட்டையில ஒரு கோடு, மருந்துல ஒரு கோடு. ரெண்டும் பொருந்தலேன்னா கம்ப்யூட்டர் நிறுத்தும். 1999ல இருந்து அது அந்த ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் பரவ ஆரம்பிச்சது. டாக்டருங்க மாநாடு போட்டுக் கண்டுபிடிச்சது இல்லைங்க இது.

பலன் இருந்ததா? பாஸ்டன்ல பிரிகாம் ஆஸ்பத்திரி ஆய்வு, 2010ல வெளியானது. நேரம் தவறுறதைக் கணக்குல சேர்க்காம, மருந்து கொடுக்கறதுல நடக்கற தவறு 11.5 சதவீதத்துல இருந்து 6.8 சதவீதமாக் குறைஞ்சது. பூஜ்யம் ஆகல, கவனிங்க. 2008ல வந்த இன்னொரு ஆய்வு, இந்த முறையைச் சுத்தி நர்ஸுங்க கண்டுபிடிச்ச 15 வகைக் குறுக்குவழிகளைப் பட்டியல் போட்டுச்சு. நோயாளியோட கோட்டை இன்னொரு காப்பி எடுத்துக் கதவு நிலையில ஒட்டிட்டு அதை ஸ்கேன் பண்றதும் அதுல ஒண்ணு. நர்ஸைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆளுக்கு எத்தனை கட்டில்னு கேளுங்க.

நம்ம ஊர் லேப்ல ரெண்டு வகையும் ஒண்ணாவே வேலை செய்யுது. ரத்தம் எடுக்கற இடத்துல கை ஸ்கேனர். பெரிய அனலைசர் மெஷினுக்குள்ள நிலையான ஸ்கேனர், ட்யூப் வரிசையா அது முன்னாடி போகும். லேபிளைச் சாய்ச்சு ஒட்டினாப் படிக்காது, சுருங்கினாப் படிக்காது. ஆனா உங்க ரத்தத்து மேல அடுத்தவர் லேபிளை நேரா, அழகா ஒட்டினா? சந்தோஷமாப் படிக்கும். அதனாலதான் ஊசி குத்தறதுக்கு முன்னாடி பேர் என்னன்னு கேக்கறோம். "டோக்கன்ல இருக்குதுங்களே"ன்னு அலுத்துக்காம சொல்லிடுங்க.

இப்ப மருந்துக்கு வருவோம். நம்ம நாட்டுல இருந்து ஏற்றுமதியாகற மருந்துப் பெட்டிகளுக்கு 2011லயே பார்கோடு கட்டாயமாச்சு. உள்நாட்டுல நாம சாப்பிடற மருந்துக்கு? 2022 நவம்பர்ல மருந்து விதிகளைத் திருத்தி, 2023 ஆகஸ்ட் 1ல இருந்து, அதுவும் 300 பிராண்டுக்கு மட்டும். டோலோ, கால்பால், அலெக்ரா, மெஃப்டால் எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. மருந்தோட பேர், தயாரிச்ச கம்பெனி முகவரி, பேட்ச் நம்பர், தயாரிச்ச தேதி, எக்ஸ்பைரி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள இருக்கணும். வெளிநாட்டுக்காரருக்கு 2011, நமக்கு 2023. இந்த 12 வருஷ இடைவெளி எனக்கு இன்னும் ஜீரணம் ஆகல.

விதியில ஒரு வரி இருக்கு. மாத்திரைப் பட்டையில இடம் பத்தலேன்னா, வெளி அட்டைப்பெட்டியில அச்சடிச்சாப் போதும். டெல்லியில இருந்து பாத்தா நியாயமான வரிதான். உக்கடத்துல இருந்து பாருங்க. மீன் மார்க்கெட்ல லோடு இறக்கறவர், கரும்புக்கடையில இருந்து வர்ற அம்மா, இவங்கல்லாம் முழுப் பெட்டியா வாங்கறாங்க? "அண்ணா, மூணு மாத்திரை மட்டும் குடுங்க." கத்தரிக்கோல் வரும். கடைக்காரரும், மிச்சம் இருக்கறதை அடையாளம் தெரியணுமேன்னு, எக்ஸ்பைரி இருக்கற பக்கத்தைத் தன்கிட்ட வெச்சுக்குவார். அவர் பக்கம் அது சரிதான். ஆனா பெட்டி கடையில, தேதி கடையில, பேர் பாதி கடையில. நோயாளி கையில வெறும் பளபளப்பு. இத்தனைக்கும் அவர் பாக்கெட்ல இருக்கற போனே இன்னைக்கு ஸ்கேனர்தான். தள்ளுவண்டியில க்யூஆர் ஸ்கேன் பண்ணி காசு கட்டுறார், ரேஷன் கார்டுல கூட 2017ல இருந்து க்யூஆர் இருக்கு. கருவி வந்து சேர்ந்துடுச்சு. கோடுதான் வந்து சேரல.

இது ஏன் உயிர்ப் பிரச்சனை? 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பகுதியில குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து வரிசையா இறந்தாங்க. காரணம் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில டைஎத்திலீன் கிளைக்கால்ங்கற நஞ்சு 48.6 சதவீதம். பேட்ச் எஸ்.ஆர். 13.

கோடு இருந்திருந்தா அந்த நஞ்சைக் கண்டுபிடிச்சிருக்குமா? இல்ல. மேல சொன்னேன்ல, அது வெறும் நம்பர். நஞ்சைக் கண்டுபிடிக்கறது லேப் வேலை, ஆய்வாளர் வேலை. ஆனா கண்டுபிடிச்ச அடுத்த நிமிஷம் ஒரு கேள்வி வரும்: அந்த பேட்ச் பாட்டில் இப்ப யார் வீட்டு அலமாரியில இருக்கு? அந்தக் கேள்விக்கு பேட்ச் நம்பர் இல்லாம பதிலே கிடையாது.

அதனால, பட்டையை வெட்டித்தான் வாங்கணும்னா வாங்குங்க, கையில காசு எவ்வளவோ அவ்வளவுதான். வெட்டறதுக்கு முன்னாடி, பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் தெரியற பக்கத்தை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. பில் கேளுங்க, அதுல பேட்ச் நம்பர் இருக்கான்னு பாருங்க. அலர்ஜி, வாந்தின்னு ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தப் போட்டோவை முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. "வெள்ளையா, உருண்டையா இருந்துச்சுங்க"ன்னா எங்களுக்கு ஒண்ணும் புரியாதுங்க, பாதி மாத்திரைங்க அப்படித்தான் இருக்கும்.