மூணாறும் எங்கள் அப்பத்தாவும்

போன கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மூணாறு போயிருந்தோம். கூடவே எண்பத்தைந்து வயது அப்பத்தாவும் வந்தார். அங்கே ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்து, கல்யாணமாகி போடிக்கு இறங்கியவர். "நான் பொறந்த ஊருக்கே என்னைய டூர் கூட்டிட்டுப் போறீகளாக்கும்" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்.

மூணாற்றுத் தோட்டங்களின் கதை 1877-இல் தொடங்குகிறது. ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1880 வாக்கில் ஏ.எச். ஷார்ப் என்பவர் பார்வதி எஸ்டேட்டில் முதன்முதலாகத் தேயிலை நட்டார். 1897-இல் கம்பெனி உருவானது. துரைமார் பெயர்கள் இப்படி ஆண்டோடு பதிவாகியிருக்கின்றன. காடு வெட்டித் தேயிலை வைத்தவர்களோ, பெரும்பாலும் கங்காணிகள் திரட்டி மலையேற்றிய தமிழர்கள்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் உள்ள தேயிலை மியூசியத்தில், 1905-ஆம் ஆண்டின் தேயிலை உருட்டும் இயந்திரம் இருக்கிறது. 1913-இல் செய்த சூரியக் கடிகாரம் ஒன்றும் உண்டு. அதைச் செய்தது நம் நாசரேத் ஊரின் தொழிற்பள்ளி. குண்டளை ரயிலின் எஞ்சின் சக்கரமும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ரயிலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் சிறு ரயில் பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை போகும். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு போடிநாயக்கனூர். ஆக, மாநிலம் பிரிக்குமுன் இந்த மலைக்குக் கீழ்வாசல் நம் போடிதான். 1924-இல் பெருவெள்ளம் வந்து பாதையை அடித்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்கிறார்கள். ரயில் மறுபடி வரவேயில்லை.

அடுத்து 1910-இல் எழுந்த கற்கோயிலான கிறிஸ்து ஆலயம். கோயிலைவிட அங்குள்ள கல்லறைத் தோட்டம் மூத்தது. 1894-இல் காலராவில் இறந்த எலனார் நைட் என்ற இளம் துரைசானியை அங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். அதைக் கேட்ட என் மகள் திரும்பி, "அப்பத்தா, உங்க அம்மாவை எங்க புதைச்சாங்க?" என்றாள்.

அப்பத்தா எதிர்மலையைக் காட்டினார். "அந்தத் தேயிலைக்கு ஊடாலதான் வச்சாக. கல்லு கில்லு ஒண்ணும் இல்ல தாயி." பிறகு தன் தாயின் பெயரைச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் அந்தப் பெயரை நான் முதன்முதலாகக் கேட்கிறேன். அதற்கு முன் கேட்கத் தோன்றியதே இல்லை.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். நாலு பேரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. இருந்தாலும் அவர்கள் பெயர்களைப் பத்திரிகைகள் வெளியிட்டன. நூறு வருஷத்துக்கு முன்பு காய்ச்சலிலும் குளிரிலும் போன நம்மவர்களுக்கு அதுவும் இல்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாமும்தான். உங்கள் வீட்டிலும் ஒரு அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தால், அடுத்த விடுமுறைவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து, ஊர், பெயர், ஏறி வந்த வழி எல்லாவற்றையும் கேட்டு எழுதிவையுங்கள். என் மகளின் பள்ளி நோட்டில் இப்போது பதினோரு பெயர்கள் இருக்கின்றன.