‘அந்த நாள்’: நிழல் சொல்லும் சாட்சி

தமிழ்ப் பேசும்படம் பாட்டோடு பிறந்தது. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்னும் படத்தில் ஏறத்தாழ 50 பாட்டுக்கள் இடம்பெற்றன. அதன்பின் இருபது ஆண்டுகள் வரையிலும், படம் பார்க்கப் போனவர் பாட்டுக் கேட்கவே போனார் என்று கூறின் அது மிகையாகாது. 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்களுக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். அப்போது அப்பாட்டுக்களை இலங்கை வானொலி தன் அலைகளில் ஏற்றிக் கடல் கடந்தும் அனுப்பியது. நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ யாழ்ப்பாண நகரத்துப் படமாளிகைக்குச் செல்ல விரும்பியவர் முதலிற் கடலைக் கடந்து, பின்னர் தரைவழியும் செல்லவேண்டும். பாட்டுக்கோ வள்ளமும் வேண்டியதில்லை, வண்டியும் வேண்டியதில்லை. ஆகவே தீவக மக்களிற் பலர் ஒரு படத்தைக் கண்ணாற் காணுமுன் காதாற் கேட்டனர்.

இந்நிலையில், 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள், ஏவி. எம். நிறுவனத்தாரின் ‘அந்த நாள்’ வெளிவந்தது. அதில் ஒரு பாட்டேனும் இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வானொலி எடுத்து ஒலிபரப்புதற்கு அதில் ஒரு பாட்டும் அகப்படவில்லை. அதனை இயக்கியவரோ வீணை வாசிப்பிற் பெரும்புகழ் எய்திய எஸ். பாலசந்தர்! அப்போது அவருக்கு வயது 27. இசையையே வாழ்வாகக் கொண்ட ஒருவர் பாட்டை விலக்கிப் படம் எடுத்தது ஏன்? பாட்டு மனத்தை இளக்கும். இளகிய மனம் எளிதில் ஐயுறாது. இந்தப் படத்தைக் காண்போரோ முதலிலிருந்து முடிவுவரை ஐயுறவேண்டும். அதுவே படத்தின் உயிர்.

கதை நிகழும் காலம் 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். அம்மாதம் 11ஆம் நாள் இரவு சென்னை நகரின்மீது யப்பானிய விமானம் குண்டு வீசியது. அதற்கு முந்திய ஆண்டு, ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பிலும் 9ஆம் நாள் திருகோணமலையிலும் அதே பகைவரின் குண்டுகள் வீழ்ந்தன. இலங்கைத் தமிழர்க்கும் அந்த அச்சம் புதியதன்று. அவ்வாறு நகரம் நடுங்கியிருந்த வேளையில், ராஜன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிற் சுடப்பட்டு இறக்கிறான். ராஜனாக நடித்த சிவாஜி கணேசன் படத்தின் தொடக்கத்திலேயே பிணமாகி விடுகிறார். கதாநாயகன் முதலில் இறந்து, பிறருடைய நினைவுகளில் மட்டும் உலவுவது அக்காலத் தமிழ்ப் படத்தில் எவரும் எதிர்பாராத துணிவு. சிவானந்தம் என்னும் துப்பறியும் அதிகாரி விசாரணை செய்கிறார். அவ்வேடத்தை ஏற்ற ஜாவர் சீதாராமனே படத்தின் உரையாடலையும் எழுதினார். அயல்வீட்டுக்காரர், ராஜனின் தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு மறைவான தொடர்பு கொண்டிருந்த பெண், ராஜனின் மனைவி உஷா ஆகியோர் விசாரிக்கப்படுகின்றனர். ஒருவர் கூறும் கதை மற்றொருவரைக் குற்றவாளியாக்குகிறது. ஒவ்வொரு கதையும் கண்முன் காட்சியாக விரிகிறது. விரியும்போது அதுவே உண்மை என்று தோன்றுகிறது.

இங்கே யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த ஒரு மரபுக்கதையை நினைத்தல் பொருந்தும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே நீரின் நடுவில் ஒரு கோட்டை நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்டிய அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கடற்கோட்டை என்றும் பூதத்தம்பி கோட்டை என்றும் மக்கள் அதனை வழங்குவர். ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கக் காலத்தில் உயர்பதவி வகித்தவன் பூதத்தம்பி. அவன்மீது பகை கொண்ட அந்திராசி, வேறொரு காரியம் கூறி வெற்றுத்தாளில் அவனுடைய கையொப்பத்தைப் பெற்றான். பின்னர் அந்தத் தாளிலே, போர்த்துக்கேயருக்கு உதவுவதாக ஒரு துரோகக் கடிதத்தை எழுதிக்கொண்டான். பூதத்தம்பி கொலைத்தண்டனை பெற்றான். இக்கதையிற் கையொப்பம் மெய்யானது, கடிதம் பொய்யானது. மெய்யான கையொப்பம் இருந்தமையாலேயே பொய்யான கடிதம் ஓர் உயிரைக் குடித்தது.

திரைப்படக் காட்சியும் இத்தகையதே. காமிராவின் முன் நின்ற மனிதன் மெய். அவன்மேல் விழுந்த ஒளியும் மெய். அந்தக் காட்சிக்குப் பொருள் எழுதுபவன் வேறொருவன். உளவியல் சார்ந்த மர்மப் படங்களின் வரலாறு, இந்த உண்மையைக் கலைஞர்கள் படிப்படியாக உணர்ந்த வரலாறே எனலாம்.

அதன் தொடக்கத்தை ஜெர்மனியிற் காணலாம். 1920இல் ரொபேர்ட் வீனே இயக்கிய ‘டாக்டர் கலிகாரியின் அறை’ என்னும் ஊமைப் படத்தில் வீடுகள் கோணலாக நின்றன, தெருக்கள் வளைந்தன, நிழல்கள் சுவரிலும் தரையிலும் தீட்டப்பட்டிருந்தன. கதை சொல்பவனின் கலங்கிய மனமே அவ்வாறு ஊராக உருவெடுத்தது என்பதைப் பார்ப்போர் இறுதியிலேதான் அறிந்தனர். முப்பது ஆண்டுகளின் பின், 1950இல், யப்பானில் அகிரா குரோசாவா ‘ரஷோமோன்’ படத்தை எடுத்தார். காட்டில் நிகழ்ந்த ஒரு கொலையை நால்வர் நான்கு விதமாகக் கூறுகின்றனர். ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகாவா காமிராவைச் சூரியனை நோக்கியே திருப்பினார். கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி, இலைகளின் ஊடாக நடிகர் முகங்களில் விழச்செய்தார். முகத்திலே ஒளியும் நிழலும் அலைவதுபோல அவர்கள் சொல்லிலே மெய்யும் பொய்யும் அலைந்தன. சாட்சிகள் நேரே காமிராவைப் பார்த்துப் பேசினர், நீதிபதி காட்டப்படவேயில்லை. நீதிபதியின் இருக்கையிற் படம் பார்ப்பவனே அமர்த்தப்பட்டான். 1951இல் வெனிஸ் விழாவிற் பொற்சிங்கப் பரிசு பெற்ற இப்படத்தை ஒரு திரைப்பட விழாவிற் கண்ட பாலசந்தர், அதனால் ஊக்கம் பெற்றே ‘அந்த நாள்’ கதையை அமைத்தார்.

காமிரா எவ்வாறு சாட்சி சொல்கிறது என்பதைப் படம் பாராத நேயரும் எளிதில் அறியலாம். கடற்கோட்டையை ஊர்காவற்றுறைக் கரையில் நின்று பார்ப்பவர் ஒரு பக்கத்தைக் காண்பார். காரைநகர்க் கரையில் நிற்பவர் மறுபக்கத்தைக் காண்பார். வள்ளத்தில் அமர்ந்து அதன் அடிவாரத்தை அணுகுபவருக்குச் சுவர் தலைக்குமேல் எழுந்து அச்சுறுத்தும். கோட்டை ஒன்றே, நின்ற இடம் வேறு. காமிராவைத் தாழ்வாக வைத்தால் மனிதன் பெரியவனாகிறான். உயரத்தில் வைத்தால் அவனே சிறுத்து ஒடுங்குகிறான். இனி ஒளியின் தொழிலை நோக்குவோம். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளை நண்பகலிற் பார்த்தால் வெண்மை ஒன்றே தெரியும். மாலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கல்லும் தன் நிழலைப் பெற்று, வேலி முழுவதும் பள்ளமும் மேடுமாகக் காட்சியளிக்கும். சாய்ந்த ஒளி கல்லின் கரடுமுரட்டைக் காட்டுவதுபோல முகத்தின் கரடுமுரட்டையும் காட்டும்.

‘அந்த நாள்’ படத்தின் ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் இந்தச் சாய்ந்த ஒளியையே பெரிதும் நம்பினார். அக்காலப் படங்களில் விளக்குகள் எல்லாம் எரிந்து, நட்சத்திர நடிகரின் முகம் முழுநிலவுபோல் விளங்குவது வழக்கம். இங்கோ இருள் அதிகம், ஒளி குறைவு. முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறு பாதி நிழலிலும் நிற்கும்போது, பேசுகின்ற வாய்க்குப் பின்னே பேசாத ஒன்று மறைந்திருப்பதைக் கண் தானே உணர்கிறது. விளக்கை மறைத்துக் குண்டுக்கு அஞ்சி வாழ்ந்த போர்க்காலத்துக் கதைக்கு அந்த இருள் இயல்பாகவும் பொருந்தியது. அலங்காரத்திற்காகச் சேர்த்த இருளாயின் அது இத்துணை ஆண்டுகள் நிலைத்திராது.

இப்படத்தின் தலையாய குறியீடு ராஜனின் தொழிலே. வானொலிக் கருவி சொல்லைக் கண்காணாத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும். அந்தச் சொல் நன்மையாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பினால் ராஜன் பகைவர்க்குத் துப்புக் கொடுப்பவனாகிறான். அறிவு மிகுந்தவன், இனிமையாகப் பேசுபவன், மனைவி காதலித்து மணந்தவன், அவனே துரோகி. இறுதியில், உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியின் குண்டே அவன் உயிரைக் கவர்ந்தது என்பது வெளியாகிறது. ‘ரஷோமோன்’ உண்மையை முடிவாகச் சொல்லாமல் விட்டது. ‘அந்த நாள்’ உண்மையைச் சொல்லி, அதனைத் தாங்கும் சுமையைப் பார்ப்பவன் தோள்மேல் ஏற்றியது. கணவனுக்காக நீதி கேட்டவள் கண்ணகி. அவளைப் போற்றும் மரபிலே வளர்ந்தவர்கள், கணவனுக்கு எதிராக நீதியின் பக்கம் நின்ற ஒரு பெண்ணைத் திரையிற் கண்டனர். பண்டரிபாயின் முகத்தில் அன்பும் கடமையும் மோதுவதைக் காட்ட எந்தப் பாட்டும் உதவியிராது.

படம் அறிஞரின் பாராட்டைப் பெற்றது. இந்திய அரசின் தகுதிச் சான்றிதழையும் பெற்றது. வசூலில் மட்டும் தோற்றது. பாட்டுக்குப் பழகியவர் பார்வைக்குப் பழகக் காலம் வேண்டியிருந்தது.

பாலசந்தர் அத்தோல்வியால் இத்துறையை விட்டு அகலவில்லை. 1964இல் அவர் எடுத்த ‘பொம்மை’ படத்தில் வெடிகுண்டு ஒன்று விளையாட்டுப் பொம்மையினுள் மறைக்கப்படுகிறது. அப்பொம்மை நகரமெங்கும் கைமாறிச் செல்கிறது. குண்டு இருப்பது பார்ப்பவர்க்குத் தெரியும்; பொம்மையை வாங்குபவர்க்குத் தெரியாது. திடுக்கிடச் செய்வது ஒரு நொடியின் வேலை, அறிந்தும் எச்சரிக்க இயலாமல் தவிக்கச் செய்வதே நீடித்த அச்சம் என்பது ஹிட்ச்கொக் வகுத்த நெறி. பொம்மை என்னும் குறியீடோ விளக்கம் வேண்டாதது. குழந்தை அணைக்கும் பொருளுக்குள் கூற்றுவன் அமர்ந்திருக்கிறான். நயினாதீவுக்கு அருகே கடலில் நிற்கும் இரு கற்களை எந்தத் தீவகத்தாரும் வெறுங்கல் என்று கூறார். ஒன்று பாம்பு சுற்றிய கல்; மற்றது கருடன் இருந்த கல்; இரண்டுக்கும் இடையே அம்பாளுக்குப் பூக் கொண்டுசென்ற நாகத்தின் கதை இருக்கிறது. கதையோடு பிணைந்தபோதுதான் கல் குறியீடாயிற்று. திரைப்படத்திற்கும் இதுவே அளவுகோல். கதையோடு பிணையாத பொருளைக் குறியீடு என்று கொண்டாடுதல் வீண்.

1960இல் ஹிட்ச்கொக்கின் ‘சைக்கோ’ வெளிவந்தது. அதன் குளியலறைக் கொலைக் காட்சி முக்கால் நிமிட அளவினதே. கத்தி, நீர், கை, அலறும் வாய் என்று துண்டுதுண்டான படங்கள் விரைந்து மாறுகின்றன. கத்தி உடலிற் பாய்ந்ததைக் கண்ணாற் கண்டதாகப் பலர் எண்ணினர். பெரும்பகுதியையும் அவர்கள் மனமே வரைந்து முடித்தது. அப்படத்தின் சாயலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் இலங்கை மண்ணிற் பிறந்த ஒருவர். மட்டக்களப்புக்கு அண்மையிலுள்ள அமிர்தகழியில் 1939இல் தோன்றி, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா, 1980இல் ‘மூடுபனி’ படத்தைத் தாமே எழுதி, தாமே ஒளிப்பதிவு செய்து, தாமே இயக்கினார். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிய அப்படம், இளையராஜா இசையமைத்த நூறாவது படமுமாகும். தாய் பட்ட துன்பத்தைச் சிறுவயதிற் கண்டு மனம் சிதைந்த ஓர் இளைஞன் கொலைகாரனாவது கதை. பிரதாப் போத்தன் அவ்வேடத்தை ஏற்றார்.

‘அந்த நாள்’ இருளை நம்பியது போல ‘மூடுபனி’ பனியை நம்பியது. இருளில் ஒன்றும் தெரியாது. பனியிலோ அரைகுறையாகத் தெரியும். பனிக்காலத்து விடியலில் வள்ளமோட்டுபவர் கரையை அறிவார், ஆயினும் கரையைக் காணார். சந்துரு என்னும் அவ்விளைஞனும் உலகை அவ்வாறே காண்கிறான். சன்னல்வழி வரும் இயற்கை ஒளியில் அவனை மிக அண்மையிற் காட்டும்போது, காமிரா அவனை வெறுக்க மறுக்கிறது. கொலைகாரன் என்று அறிந்தும் பார்ப்பவன் இரக்கங்கொள்கிறான். தண்டிக்க விரும்பும் மனத்திற்கும் இரங்கும் மனத்திற்கும் இடையே அவனை நிறுத்துவதே இத்தகைய படத்தின் பெறுபேறு.

இன்று படம் பார்க்கக் கடல் கடக்க வேண்டியதில்லை, கைப்பேசியே படமாளிகையாகிவிட்டது. அதில் வரும் காட்சியை உண்மை என்று நம்பி, அறியாத ஒருவனைக் கணப்பொழுதிற் குற்றவாளியாக்குவதும் எளிதாகிவிட்டது. வெற்றுத்தாளில் விழுந்த கையொப்பத்தை நம்பிப் பூதத்தம்பியைக் கொன்றவர்கள், அதன்மேல் எழுதிய கை எது என்று கேட்கவில்லை. ஒரு காட்சியைக் கண்டதும், இது எவர் நின்ற இடத்திலிருந்து எடுக்கப்பட்டது, இதில் எப்பக்கம் நிழலில் விடப்பட்டது என்று கேட்கும் பழக்கம் ஒவ்வொரு மாணவனுக்கும் வேண்டும். அவ்வாறு கேட்கப் பயிற்றும் நல்ல பாடநூலாக, 1954ஆம் ஆண்டில் வசூலிழந்த அந்தப் பாட்டில்லாப் படம் இன்றும் விளங்குகிறது.