மின்கழிவும் மாந்தர் பொறுப்பும்

பயனற்றுப்போன ஒரு பொருளை வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டால் அதனோடு தமக்குள்ள தொடர்பு அற்றுவிட்டது என்று எண்ணுவது மக்கள் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை மின்பொருள்களின் அண்மைக்கால வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முன்னாளில் வீடுகளில் இருந்த மின்பொருள்கள் சிலவே. வானொலிப் பெட்டி பழுதுற்றால் அதன் வால்வை மாற்றிப் பயன்படுத்தினர். பயன்படாததைக் காராங் கூனிக்காரரிடம் விற்றனர். காராங் கூனி என்பது மலாய் மொழியில் சாக்குப்பையைக் குறிக்கும். சாக்கைத் தோளிலிட்டுச் சிங்கப்பூரில் வீடுதோறும் பழம்பொருள் வாங்கிய அவர்கள், ஒருவர் கழித்ததை மற்றொருவர் கைக்குக் கொண்டுசேர்த்தனர். கணினியும் கைத்தொலைபேசியும் உலகெங்கும் பெருகிய பின்னர் நிலைமை மாறியது. செல்வ நாடுகள் கழித்த பொருள்கள் கப்பலேறி வறிய ஊர்களைச் சென்றடைந்தன.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்திலுள்ள குய்யூ அத்தகைய ஊர்களுள் ஒன்று. அங்குத் தொழிலாளர் மின்சுற்றுப் பலகைகளை நிலக்கரி அடுப்பின்மேல் சூடாக்கி ஈயப்பற்றை உருக்கினர். செம்புக்காகக் கம்பிகளைத் திறந்த வெளியில் எரித்தனர். பொன்னைப் பிரிக்க அமிலத்தைக் கையாண்டனர். 2002-இல் வெளிவந்த ஓர் அறிக்கை இந்நிலையை உலகறியச் செய்தது. அவ்வூர்ச் சிறுவரின் குருதியில் ஈயத்தின் அளவு அண்டை ஊர்ச் சிறுவரினும் மிகுதி என்பதை 2007-இல் வெளியான மருத்துவ ஆய்வு காட்டியது. ஈயம் இளஞ்சிறாரின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைப்பது என்பது மருத்துவர் கண்ட உண்மை.

இதனைத் தடுக்க விதி இல்லையோ எனின், இருந்தது. 1989-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவான உடன்படிக்கை 1992-இல் நடைமுறைக்கு வந்தது. தீங்குதரும் கழிவை அனுப்பும் நாடு, பெறும் நாட்டின் இசைவை முன்னரே பெறவேண்டும் என்று அது வகுத்தது. அமெரிக்கா அதில் கையொப்பமிட்டதேயன்றி அதனை உறுதிசெய்யவில்லை. மேலும், இயங்காத பொருளுக்குப் ‘பழைய பொருள்’ என்று பெயர் சூட்டி அனுப்பியோரும் உளர். மறுபயன் என்னும் நற்செயலே குற்றத்துக்குத் திரையாயிற்று. 2025 ஜனவரி 1 முதல், தீங்குதருவதாயினும் அன்றாயினும், எல்லா மின்கழிவுக்கும் முன் இசைவு தேவை என விதி திருத்தப்பட்டது.

கழித்த நாடே பொறுப்பேற்கும் வழியும் உண்டு. ஜப்பான் 1998-இல் ஒரு சட்டம் இயற்றி 2001-இல் நடைமுறைப்படுத்தியது. தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், குளிரூட்டி ஆகியவற்றுக்கு வீட்டார் கட்டணம் செலுத்துவர். வணிகர் திரும்பப் பெறுவர். செய்தவர் பிரித்து மறுசுழற்சி செய்வர். 2017 முதல் 2019 வரை மக்கள் அளித்த ஏறத்தாழ 79,000 டன் சிறுமின்பொருள்களிலிருந்து 32 கிலோ பொன் கிடைத்தது. தோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் அவ்வாறு பெற்ற உலோகங்களால் ஆனவை.

மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் மின்கழிவைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவுகளுள் ஒன்றாகச் சேர்த்தன. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்வதாகவும், வீட்டார் கழிப்பதில் நூற்றுக்கு 6 பங்கே மறுசுழற்சிக்குச் செல்வதாகவும் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018-இல் அறிவித்தது. மறு ஆண்டே சட்டம் பிறந்தது. 2021 ஜூலை 1 முதல் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பொறுப்பேற்றனர். புதிய குளிர்பதனப் பெட்டியைக் கொண்டுவரும் கடைக்காரர் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச்செல்ல வேண்டும். பெரிய கடைகளில் சேகரிப்புப் பெட்டிகளும் வைக்கப்பட்டன.

எனினும், அப்பெட்டியில் இடவேண்டிய கை வீட்டாருடையது. இயங்கும் பொருளைச் சோதித்துப் பார்த்தே பிறருக்கு அளித்தலும், கணினியிலுள்ள சொந்தச் செய்திகளை அழித்தலும், மின்கலத்தைக் குப்பையில் எறியாதிருத்தலும் எளிய செயல்களே. இவற்றைச் செய்யத் தவறினால், ஒரு வீட்டின் சுமை எங்கோ ஒரு குழந்தையின் குருதியில் சேரும் என்பதைக் குய்யூவின் வரலாறு உணர்த்துகிறது.