போர்த்துக்கேய மொழியும் நம் வரலாறும்



வெள்ளவத்தையிலே ஒரு தமிழ்க் குடும்பத்தின் இல்லத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேசையிலே பாண், அருகே கதிரை, வாயிலிலே சப்பாத்து, காற்றுக்காகத் திறந்துவைத்த யன்னல். இப்பெயர்கள் யாவும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. கொட்டாஞ்சேனைக்குச் சென்றாலோ பெர்னாண்டோ, பெரேரா என்னும் குடும்பப் பெயர்களைக் கேட்கலாம். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து போர்த்துக்கேயர் அகன்றனர். அவர்தம் சொற்கள் அகலவில்லை.

இச்சொற்களை வழங்குவதற்கு அம்மொழியைக் கற்கவேண்டுவதில்லை. கற்கவேண்டிய காரணம் வேறு.

1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. அக்காலத்தைக் கூறும் நமது யாழ்ப்பாண வைபவமாலை, ஒல்லாந்தர் ஆட்சியில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே எழுந்தது. நிகழ்ச்சிகள் நடந்த காலத்து அரசாங்க ஏடுகளோ போர்த்துக்கேய மொழியில் உள்ளன. அவற்றுள், 1645ஆம் ஆண்டு யாழ்ப்பாண நிர்வாகத்தைக் காட்டும் ஆவணங்களைக் கொண்டு பி. ஈ. பீரிஸ் 1920இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். குவேறோஸ் பாதிரியார் இலங்கையைப் பற்றி எழுதிய பெருநூலை எஸ். ஜி. பெரேரா பாதிரியார் 1930இல் ஆங்கிலமாக்கினார். இவ்வறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும், யாழ்ப்பாணப்பட்டினத்தை ‘ஜாபனபட்டாம்’ என்று எழுதிய எழுத்தர்கள், நம் ஊர்ப்பெயர்களையும் தம் செவிக்குப் பட்டவாறே எழுதினர். அவற்றை இனங்காண, தமிழும் போர்த்துக்கேயமும் ஒருங்கே அறிந்தவர் வேண்டுமன்றோ?

நம் மொழியின் வரலாறும் அங்ஙனமே. 1554இல் லிஸ்பனில், தமிழை உரோமன் எழுத்திலே அச்சிட்டுப் போர்த்துக்கேய விளக்கத்துடன் ஒரு நூல் வெளிவந்தது. முத்துக்குளித்துறையிலே மக்கள் பேசிய தமிழைக் கேட்டு, என்றிக்கே என்றீக்கசு பாதிரியார் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் வகுத்தார். புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சேறியது. அதனை நம் நாட்டவரான தனிநாயகம் அடிகளார் 1966இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நானூறு ஆண்டுகளுக்கு முன் சாதாரண மக்கள் எவ்வாறு பேசினர் என்பதற்கு இத்தகைய சான்றுகள் மிக அரியவை.

“நல்லூர்க் கோயிலை இடித்தவர் மொழியை நாம் ஏன் கற்கவேண்டும்?” என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால், இடித்தவர் எழுதிவைத்ததை நாமே படித்தறியாவிடின், அவர் கூற்றை ஆராயவும் மறுக்கவும் நமக்கு வழியில்லை. தீங்கு செய்தவரின் கணக்கேட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வது, அவர் செய்ததை மன்னிப்பதாகாது.

மேலும், இது மறைந்த மொழியன்று. பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகளில் வழங்கி, உலகெங்கும் இருபது கோடிக்கு மேற்பட்டோர் பேசும் மொழி. மட்டக்களப்பிலே பறங்கியர் சிலர் அதன் திரிந்த வடிவமொன்றை இன்றும் பேசுகின்றனர்.

எல்லா மாணவரும் இதைக் கற்கவேண்டும் என்பது என் கருத்தன்று. வரலாறு பயிலும் தமிழ் இளைஞருள் ஆண்டுக்கு ஒரு சிலரேனும் கற்பாராயின், நம் முன்னோர் பற்றிய செய்தியை மூல ஏட்டிலேயே படித்து நமக்குச் சொல்வர். அத்தகைய பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், தடுக்காது ஊக்குவியுங்கள்.